கடைசிப் பக்கத்துக் கையெழுத்து

அத்தியாயம் 11

கடிதத்தைக் கையில் கொடுத்து ஸ்ரீவித்யாவை ஜெயநகர் வீட்டு வாசலிலேயே நிற்க வைத்துவிட்டீர்களே என்று நாலைந்து பேர் கோபமாக எழுதியிருந்தீர்கள். அவள் அங்கேயே நிற்கவில்லை. உள்ளே போய்க் குக்கர் வைத்து, பெண்ணுக்கு டிபன் பாக்ஸ் கட்டி, அவளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, அப்புறம்தான் கடிதத்தை இரண்டாவது முறை படித்தாள். முதல் முறை புரியாத இடம் இரண்டாவது முறையும் புரியவில்லை.

இந்த வாரம்தான் கதைக்குள் வருகிறீர்கள் என்றால் உங்களுக்காக ஒரு சின்ன விவரம். ஸ்ரீவித்யாவுக்கு நாற்பத்து மூன்று வயது. எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி இருக்கும் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் நுண்ணுயிரியல் இணைப் பேராசிரியை. கணவன் ரகுராம் அதே நிறுவனத்தில் இயற்பியல். இரண்டு பேரும் ஒரே வருஷம் சேர்ந்தவர்கள். அவன் பேராசிரியராகி இரண்டு வருஷமாகிறது. அவளுக்கு இந்தத் தடவையும் இல்லை என்று சொல்கிறது கடிதம்.

காரணத்தையும் சொல்லியிருந்தார்கள். ஐந்து ஆண்டுகளில் எட்டு ஆய்வுக் கட்டுரைகள் வேண்டும். அவளுக்கு ஏழுதான்.

எட்டாவது இருக்கிறது. அந்த ஐந்து ஆண்டுகள் தொடங்க நாலு மாதம் முன்னால் வெளிவந்தது. ஆனால் இடையில் பத்து மாதம் அவள் விடுப்பில் இருந்தாள். மகள் சஹானாவுக்கு முதுகெலும்பில் அறுவை சிகிச்சை நடந்த வருஷம் அது. ரகுராம் நாலு நாள் லீவு போட்டான், அவள் பத்து மாதம் போட்டாள். அப்படி எடுக்கும் விடுப்பை ஐந்தாண்டுக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள் என்பதுதான் அவள் அறிந்த விதி; அப்படிப் பார்த்தால் எட்டாவதும் உள்ளே வரும். விதி எப்போது மாறியது?

மேல்முறையீடு செய்ய அன்று மாலை ஐந்து மணிதான் கடைசி.

பத்தரை மணிக்கு அவள் நிறுவனத்தின் நிர்வாகப் பிரிவில் மஞ்சுநாத்தின் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தாள். மஞ்சுநாத் அங்கே சூப்பரின்டெண்டென்ட். எந்தக் கோப்பு எந்த பீரோவில் தூங்குகிறது என்பது இயக்குநரைவிட அவருக்குத் தெளிவாகத் தெரியும்.

"ரூல் மாறி ரெண்டு வருஷம் ஆயித்து மேடம்," என்றார். "ஜூலைல கமிட்டி போட்டாங்களே. உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு எப்படித் தெரியும் மஞ்சுநாத்? எனக்கு யாரும் சொல்லலையே."

மஞ்சுநாத் அவளை ஒரு மாதிரி பார்த்தார். எழுந்து போய் ஒரு நீலக் கோப்பை எடுத்து வந்து, கடைசிப் பக்கத்தைப் பிரித்து அவள் பக்கம் திருப்பினார்.

"இல்லி நோடி மேடம். இங்க பாருங்க. நீங்கதானே லேடி மெம்பர்?"

ஐந்து கையெழுத்துகள் இருந்தன. தலைவர் சீனிவாசராகவன், அவருக்குக் கீழே மூன்று பேர், கடைசியாக ஸ்ரீவித்யா. அவள் கையெழுத்தேதான். முதல் எழுத்தைப் பெரிதாகச் சுழித்து, பெயரை முடிக்கும்போது ஒரு கோட்டை இழுத்துவிடுவாள். அந்தக் கோடும் இருந்தது.

ஒரு பக்கம் முன்னால் திருப்பினாள். ஏழாவது விதி: 'எந்தக் காரணத்துக்காக எடுத்த விடுப்பானாலும், அந்தக் காலமும் ஐந்தாண்டுகளில் அடங்கும்.'

 நான் இதை ஒப்புக்கொண்டேனா? நானா?

இங்கே அந்த நிறுவனத்தின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எந்தக் குழு போட்டாலும் அதில் ஒரு பெண் இருந்தே ஆகவேண்டும். நல்ல விதிதான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அங்கே மூத்த பெண் ஆசிரியர்கள் மொத்தமே மூன்று பேர். ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார். இன்னொருவர் கனடாவில். மிச்சம் ஸ்ரீவித்யா. கேன்டீன் டெண்டரிலிருந்து தோட்டத்தில் எந்த மரம் வெட்டுவது என்பதுவரை எல்லாக் குழுக்களிலும் பெண் உறுப்பினர் அவள்தான். கணவனுக்கு வருஷத்துக்கு இரண்டு குழு என்றால் அவளுக்குப் பதினொன்று. அந்த நேரத்தில் அவன் கட்டுரை எழுதினான். இவள் டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுக்கொண்டு மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க வராம எந்தக் கமிட்டியும் செல்லாது மேடம்," என்றார் மஞ்சுநாத், ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

"நான் இந்த மீட்டிங்குக்கு வரவே இல்லை."

"சைன் இருக்கே மேடம்?"

அவள் கைபேசியில் அந்தத் தேதியைத் தேடினாள். ஜூலை, வெள்ளிக்கிழமை. ஒரு புகைப்படம் கிடைத்தது. மருத்துவமனை வராந்தாவில் சஹானா கையில் எக்ஸ்ரே உறையுடன் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். நேரம், பகல் மூன்று பத்து. மீட்டிங் நடந்தது மூன்று மணிக்கு.

 கையெழுத்தை மறுபடி பார்த்தாள். கறுப்பு மை. அவள் கறுப்பு மையில் கையெழுத்துப் போடுவதே இல்லை. மாணவர்கள் கறுப்புப் பேனாவை நீட்டினால்கூடத் தன் நீலப் பேனாவைத் தேடுகிறவள் அவள்.

கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டாள். ரகுராமைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மைசூரில் ஒரு மாணவனின் பி.எச்.டி வாய்மொழித் தேர்வுக்குப் போயிருந்தான், போன் சைலன்ட்டில் இருக்கும். மூன்று தடவை கூப்பிட்டுவிட்டுப் பாதி நாள் லீவு எழுதிக் கொடுத்தாள். மேம்பாலத்தில் ஏறி வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே கேள்விதான். என் கையெழுத்தை யார் போட்டார்கள்? கூடவே இன்னொன்று, சின்னதாக. நானே போட்டிருந்தால்?

வீட்டில் மாமனார் சுந்தரேசன் இருந்தார். மாநில அரசுச் செயலகத்தில் முப்பத்து நாலு வருஷம் கோப்புகளோடு வாழ்ந்து, சார்புச் செயலாளராக ஓய்வு பெற்றவர். எழுபத்தாறு வயதிலும் பால்காரனுக்கு எழுதும் துண்டுச் சீட்டில் தேதி போட்டு, பொருள் எழுதித்தான் ஆரம்பிப்பார். அந்தப் புகைப்படத்தை அவர் பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற நாளிலிருந்து சும்மா இருந்த மனிதருக்கு வேலை கிடைத்துவிட்டது.

"இது ஃபோர்ஜரிம்மா!" என்றார். "சந்தேகமே இல்லை. கிரிமினல் அஃபென்ஸ். உக்காரு, நான் சொல்றேன், நீ டைப் பண்ணு."

"அப்பா, ஒரு நிமிஷம். ஒருவேளை நானே போட்டிருந்தா?"

"போட்டிருந்தா ஞாபகம் இருக்காதா?"

"ரெண்டு வருஷத்துல இருபது முப்பது கமிட்டி. எதுல போட்டேன்னு எனக்கே தெரியலை. பாதி நேரம் கடைசிப் பக்கத்தை முதல்லயே நீட்டுவா. 'மேடம், உங்களுக்கு ஸ்கூல் வேன் டைம் ஆச்சே, போட்டுட்டுப் போங்கோ, மினிட்ஸ் அப்பறம் டைப் பண்ணிக்கறோம்'னு சொல்லுவா. நானும் சரின்னு போட்டுட்டு ஓடி வந்துடுவேன்."

சுந்தரேசன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். செயலகத்து ஆள் அல்லவா, அதைக் கேட்டு அவருக்கு நிஜமாகவே வலித்தது.

"படிக்காமலா?"

"ம்."

"அதை யார்கிட்டயும் சொல்லாதே," என்றார் தாழ்ந்த குரலில். உடனே நிமிர்ந்தார். "ஆனா அன்னிக்கு நீ மீட்டிங்கிலேயே இல்லையே! ஆஸ்பத்திரில இருந்தே. போட்டோ இருக்கு, டைம் இருக்கு. முதல்லயே போட்டுட்டுப் போனேன்னும் சொல்ல முடியாது. அன்னிக்குக் காலைல இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனியா?"

"இல்லை. முழு நாள் லீவு."

"அப்பறம் என்ன? சரி, ரகு என்ன சொல்றான்?"

"போன் எடுக்கலை. மைசூர்ல வைவா."

மணி மூன்றே முக்கால். சுந்தரேசன் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி ஆங்கிலத்தில் வாக்கியங்களைச் சொன்னார். பணிவுடன் சமர்ப்பிக்கிறேன் என்று தொடங்கி, தகுந்த சட்ட நடவடிக்கை எடுக்குமாறு வேண்டுகிறேன் என்று முடியும் நீளமான வாக்கியங்கள். ஸ்ரீவித்யா அவற்றில் பாதியை வெட்டினாள். வெட்டியதை அவர் மறுபடி ஒட்டவைத்தார். நாலரைக்கு ரகுராமை இன்னொரு தடவை கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து நின்றுபோனது.

நாலு ஐம்பத்திரண்டுக்கு மின்னஞ்சலை அனுப்பினாள். இயக்குநருக்கு. ஏழாவது விதியை ஏற்ற தீர்மானத்தில் இருப்பது என் கையெழுத்து அல்ல, யாரோ போலியாகப் போட்டது. எனவே அந்தத் தீர்மானம் செல்லாது. எனக்குப் பதவி உயர்வு மறுத்ததும் செல்லாது.

அனுப்பிய பிறகு இரண்டு பேரும் காபி குடித்தார்கள். அன்றைக்கு முதல் தடவையாக அவளுக்குக் காபி ருசித்தது. தான் ஏமாளி அல்ல, தன்னை யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள் என்பதில் இவ்வளவு நிம்மதி இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

ரகுராம் ஆறே முக்காலுக்கு வந்தான். கையில் மைசூர்பாக் பெட்டி. மாணவன் பாஸ்.

"சஹானா எங்கே?"

"டான்ஸ் கிளாஸ். எட்டு மணிக்கு ஷில்பா கொண்டுவந்து விடுவா," என்றாள். ஷில்பா பக்கத்து வீட்டுக்காரி. "ரகு, இதைப் பாரு முதல்ல."

கைபேசியை நீட்டினாள். சுந்தரேசன் பொறுக்க முடியாமல் நடுவில் புகுந்தார்.

"ஃபோர்ஜரிடா! உன் பொண்டாட்டி கையெழுத்தை எவனோ போட்டிருக்கான். ரெண்டு பேருமா சேர்ந்து ஒரு லெட்டர் அடிச்சோம் பாரு, அந்த டைரக்டர் இன்னிக்குத் தூங்கமாட்டான்."

ரகுராம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. மைசூர்பாக் பெட்டியைக் கீழே வைக்க இடம் தேடுகிறவன் மாதிரி சுற்றிலும் பார்த்தான்.

"லெட்டர் அனுப்பியாச்சா?"

"அஞ்சு மணி டெட்லைன். உனக்கு நாலு தடவை போன் பண்ணேன்."

"ஃபோர்ஜரின்னே எழுதிட்டியா?"

"வேற எப்படி எழுதறது?"

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். "வித்யா, அது நீ போட்டதுதான்."

"நான் அன்னிக்கு ஆஸ்பத்திரில இருந்தேன் ரகு."

"மீட்டிங்ல இல்லை. இங்கே, வீட்டுல. அன்னிக்கு சாயந்திரம். நீ ஆஸ்பத்திரிலேந்து அப்பத்தான் வந்தே. சஹானாவோட மாத்திரையைப் பிரிச்சுப் பிரிச்சு டப்பால போட்டுண்டிருந்தே. நான் பேப்பரை வெச்சேன். பேனாகூட நான்தான் குடுத்தேன்."

கறுப்புப் பேனா. ரகுராமின் சட்டைப் பையில் எப்போதும் இருப்பது கறுப்புப் பேனாதான்.

அவள் நினைவில் தேடிப் பார்த்தாள். மாத்திரை டப்பா நினைவுக்கு வந்தது. காலை, மதியம், இரவு என்று கட்டம் கட்டமாக இருக்கும். அந்தச் சாயங்காலம் நினைவுக்கு வந்தது. காகிதம் மட்டும் வரவேயில்லை. அவன் சொல்வதை நம்பினாள், ஆனால் ஞாபகம் இல்லை. நடக்காத ஒன்றை ஒப்புக்கொள்வதுபோல் இருந்தது.

"உன்கிட்ட எப்படி வந்தது அந்தப் பேப்பர்? நீ அந்தக் கமிட்டிலயே இல்லையே?"

"சீனிவாசராகவன் சார் கூப்பிட்டுக் குடுத்தார். உன் சைன் இல்லாம ஃபைல் நகராதுன்னார். நான் ஆத்துக்குத்தானே வரேன்னு வாங்கிண்டு வந்தேன்."

 மகன் பக்கமா மருமகள் பக்கமா என்று சுந்தரேசனுக்கே தெரியவில்லை. அரசாங்கத்தில் இருந்தவரை இப்படியொரு கோப்பு அவர் மேஜைக்கு வந்ததில்லை.

"நீ படிச்சியா ரகு?" என்றாள் ஸ்ரீவித்யா.

"எதை?"

"ஏழாவது ரூலை. எனக்குக் குடுக்கறதுக்கு முன்னால படிச்சியா?"

அவன் மைசூர்பாக் பெட்டியை மேஜைமேல் வைத்தான்.

"படிச்சேன்."

"என்ன தோணித்து?"

"ஒண்ணும் தோணலை. யாருக்கோ போட்ட ரூல்னு தோணித்து." "நிஜமா சொல்றேன், உன்னைப் பத்தின்னு தோணவே இல்லை வித்யா. லீவுன்னதும் யாராவது வெளிநாட்டுக்குப் போறவாளைச் சொல்றான்னு நினைச்சேன்."

அவள் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பத்து மாதமும் இந்த வீட்டில்தான் நடந்தது. இந்த மனிதன் தினமும் காலையில் சஹானாவைத் தூக்கி உட்கார வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனான். கெட்டவனில்லை. அவளுக்கு ஜுரம் வந்தால் ரசம் வைக்கத் தெரிந்தவன். அந்த விதியைப் படித்தபோது மட்டும் எப்படி அவன் கண்ணில் அவள் படவில்லை? பொய் சொல்கிறான் என்றால் கோபப்படலாம். உண்மை என்றால் என்ன செய்வது?

"அப்ப உன் புரொமோஷன் இன்டர்வியூ எப்ப இருந்தது?" என்று கேட்டாள். கேட்க நினைக்கவில்லை. வந்துவிட்டது.

"செப்டம்பர்ல."

"சேர்மன் யாரு?"

"வித்யா, ரெண்டுக்கும் சம்பந்தமில்லை."

"சம்பந்தம் இருக்குன்னு நான் சொல்லலியே. சேர்மன் யாருன்னுதானே கேட்டேன்?"

 சுந்தரேசன்தான் மெதுவாகக் கேட்டார். "டேய், அவர்தானா?"

அப்போதுதான் மேஜைமேல் இருந்த ரகுராமின் போன் அடித்தது. திரையில் பெயர்: சீனிவாசராகவன் சார்.

இயக்குநர் மின்னஞ்சலை அவருக்கு அனுப்பியிருக்க வேண்டும். ஸ்ரீவித்யாவின் போன் அவள் மடியிலேயே இருந்தது. அது அடிக்கவில்லை. எப்போதும் அப்படித்தான். அவள் ஆய்வுக்கூடத்தை இரண்டாம் மாடிக்கு மாற்றியபோதுகூட அவர் ரகுவிடம்தான் சொன்னார், "வித்யாகிட்ட சொல்லிடுப்பா" என்று. அப்போது அது ஒரு சலுகைபோல அவளுக்குத் தோன்றியிருந்தது. குடும்பத்து மனிதர்போலப் பழகுகிறார் என்று நினைத்திருந்தாள்.

ரகுராம் கையை நீட்டுவதற்குள் அவள் போனை எடுத்து ஸ்பீக்கரைப் போட்டாள். எதுவும் பேசவில்லை.

"என்னப்பா ரகு இது?" என்று ஆரம்பித்தார் அவர். கோபம்கூட இல்லை, சலிப்புதான். "ஃபோர்ஜரிங்கறா உன் ஆத்துக்காரி! நான் அவளுக்கே மெயில்ல அனுப்பறேன், சாவகாசமா படிச்சுட்டுத் திங்கட்கிழமை சைன் பண்ணட்டும்னு சொன்னேனா இல்லையா? நீதானே 'வேண்டாம் சார், அவ ஒண்ணும் கேக்கமாட்டா, நான் ஆத்துலயே வாங்கிண்டு வந்துடறேன்'னே? இப்ப என் தலைல வந்து விடியறது. சொல்லுப்பா!"

 ரகுராம் கண்ணை மூடிக்கொண்டான். சுந்தரேசன் மகனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

ஸ்ரீவித்யாவுக்கு அழுகை வரவில்லை. 'அவ ஒண்ணும் கேக்கமாட்டா' என்று ரகு சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அவள் ஒன்றும் கேட்கத்தான் இல்லை.

"சார், நான் வித்யா பேசறேன்."

 "ஓ... வித்யாவா? ரகு இல்லையாம்மா?"

"இருக்கார் சார். எதிர்லதான் உக்காண்டிருக்கார்."

"அவன்கிட்ட குடேன். நான் அவன்கிட்ட விவரமா சொல்லிடறேன்."

"என்கிட்ட சொல்லுங்கோ சார்."

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சரி, கேட்டுக்கோ. நாளைக்குப் பத்து மணிக்கு டைரக்டர் ரூம்ல உக்கார்றோம். ஃபோர்ஜரின்னு நீ எழுதினதுல நின்னா, அது போலீஸுக்குப் போகும். அந்தப் பேப்பரை யார் எடுத்துண்டு போனா, யார் திருப்பிக் கொண்டுவந்து குடுத்தான்னு கேப்பா. பதில் உனக்கே தெரியும். இல்லை, நான்தான் போட்டேன்னு வாபஸ் வாங்கினா, அந்த ரூல் நிக்கும், உன் புரொமோஷன் நிக்காது. ரெண்டுல எதுன்னு இப்பவே சொல்லிட்டா எல்லாருக்கும் நல்லது."

ஸ்ரீவித்யா ரகுராமைப் பார்த்தாள். அவன் மெதுவாகத் தலையை ஆட்டினான். வேண்டாம் என்கிறானா, சொல்லு என்கிறானா, என்னை மன்னித்துவிடு என்கிறானா? பதினாறு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அது புரியவில்லை.

"நான்தான் போட்டேன் சார். படிக்காம போட்டேன். படிச்சவர் கொண்டுவந்து குடுத்தார். இதுல எதுவும் பொய்யில்லை," என்றாள். "நாளைக்குப் பத்து மணிக்கு வரேன். ஆனா இதுல யார் தப்பு பண்ணான்னு கேட்டா, எனக்கு இன்னும் தெரியலை சார்."